டேபிள்களை அகற்றுதல் தொடர்பாக

குடிநீர் வாரியத்தில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. நியமன உத்தரவில் 'தற்காலிக வலைப்பக்கப் பராமரிப்பாளர்' என்று போட்டிருந்தது. அவ்வளவு நீளத்தை வாய்க்குள் வைத்து மெல்ல அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. 'பக்கம்' என்று சுருக்கிவிட்டார்கள். "பக்கத்தைக் கூப்பிடு", "பக்கம் சாப்பிடப் போயிருக்கு", "பக்கத்துக்கு இன்னைக்குக் காய்ச்சலாம்" என்று அவன் காதுபடவே பேசுவார்கள். மாடிப்படிக்கு அடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் துடைப்பக்கட்டைகளுக்கும் நடுவே அவனுக்கு ஒரு நாற்காலி. எழுந்தால் தலையில் படி இடிக்கும். அதனால் அவன் எப்போதும் உட்கார்ந்தபடியே மரியாதை செய்வான்.

அவன் பராமரித்த வலைப்பக்கம் ஒரு விசித்திரமான பிராணி. எந்தக் காலத்திலோ யாரோ செய்துவைத்துவிட்டுப் போனது. முழுப் பக்கமும் ஒரே பெரிய டேபிள். அதாவது கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்த அட்டவணை. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இன்னொரு டேபிள், அதன் வயிற்றுக்குள் இன்னொன்று. கட்டத்துக்கு ஓர் அதிகாரியின் போட்டோ. ஓர் அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தால் அவர் போட்டோ பெரிதாகும். போட்டோ பெரிதானால் கட்டம் உப்பும். கட்டம் உப்பினால் பக்கத்துக் கட்டம் நசுங்கும். இப்படி நசுங்கி நசுங்கிக் கடைசி ஓரத்துக்குப் போனது 'குழாய் உடைப்புப் புகார்' என்ற பொத்தான்.

ஊரில் எல்லாரும் போனில்தான் பார்ப்பார்கள். போனில் திறந்தால் முதலில் இயக்குநரின் இடது காது மட்டும் தெரியும். விரலால் தள்ளினால் மூக்கு வரும், பிறகு டை வரும், பிறகு துணை இயக்குநரின் தோள்பட்டை வரும். தள்ளிக்கொண்டே போனால் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பொத்தான். அதன்மேல் விரல் வைக்கப் போகும்போது பக்கம் ஒரு குலுங்கு குலுங்கி மறுபடியும் இயக்குநரின் காதுக்கே திரும்பிவிடும்.

வாரியத்துக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. புகார் ஒன்றுகூட வருவதில்லை என்பதால் ஆண்டறிக்கையின் அட்டையில் 'புகாரற்ற வாரியம்' என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

பக்கத்துக்கும் வருத்தம் இல்லாமல்தான் இருந்தது, அவன் மனைவியின் அழகு நிலையத்துக்கு எதிரே குழாய் வெடிக்கும்வரை.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கடைக்குள் குழாயைத் திறந்தால் வெறும் காற்று. தலைக்குச் சாயம் பூசிக்கொண்ட ஒரு வாடிக்கையாளர், அலசத் தண்ணீர் இல்லாமல், பாலிதீன் பையைத் தலையில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, தண்ணீருக்குள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

"நீங்க குடிநீர் வாரியத்துலதானே வேலை பாக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஆமா."

"இல்ல, சும்மா கேட்டேன். சந்தேகமா இருந்துச்சு."

மறுநாள் அவன் நிர்வாக அதிகாரியிடம் போனான். மனிதர் எதைக் கேட்டாலும் விதியில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்வார். மணி என்ன என்று கேட்டால்கூட அப்படித்தான். அதனால் அவருக்கு 'விதி' என்று பெயர். அவரிடம் போய்விட்டு வருகிறவர்கள் நெற்றியைத் தொட்டுக்கொள்வது வாரியத்தில் வழக்கம்.

"சார், எங்க தெருவுல குழாய் உடைஞ்சிருக்கு."

"வலைப்பக்கம் வழியா வந்தாத்தான் அது புகார். நேர்ல வந்து சொன்னா வெறும் பேச்சு."

"பக்கத்துல பொத்தானை அமுக்க முடியலை சார்."

"அதையும் பக்கம் வழியாப் புகார் பண்ணுங்க."

"நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்லேருந்து பண்ணலாமா சார்?"

விதி கண்ணாடியைக் கழற்றினார். "வாரியத்தோட கம்ப்யூட்டர்லேருந்து வாரியத்து மேல புகாரா? சொந்த வீட்டுக் கதவை நீயே தட்டுவியா தம்பி?"

தட்ட முடியாதுதான். அவன் நெற்றியைத் தொட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

அவன் பெரிய மேதை ஒன்றுமில்லை. யாரோ எழுதியதைப் பார்த்து எழுதி, தப்பாகப் போனால் பதறி, மறுபடியும் எழுதிக் கற்றுக்கொண்டவன். ஆனால் ஒன்று மட்டும் தெரிந்திருந்தது. இந்த டேபிள்களை எல்லாம் எடுத்துவிட்டு, எது எங்கே நிற்க வேண்டும் என்பதை சி.எஸ்.எஸ். என்ற முறையில் தனியாக எழுதிவிட்டால் பக்கம் போனுக்குள் அடங்கிவிடும். பொத்தானும் கைக்கு வந்துவிடும். அன்றைக்கே ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினான்: 'வாரியத்தில் தற்போதுள்ள டேபிள்கள் அனைத்தையும் அகற்றிவிட்டு, சி.எஸ்.எஸ். பொசிஷன் கொடுக்க அனுமதி வேண்டுகிறேன்.'

'வலைப்பக்கத்தில்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க மறந்துவிட்டான். அடுத்து நடந்த அத்தனைக்கும் அந்த மறதிதான் காரணம் என்று சொல்ல முடியாது. சேர்த்திருந்தாலும் ஏதாவது நடந்திருக்கும்.

மதியத்துக்குள் கணக்குப் பிரிவில் ஒருவர் தன் மேசையைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டிவிட்டார். வரி வசூல் பிரிவில் ஓர் அம்மா இழுப்பறையிலிருந்த ஊறுகாய்ப் பாட்டில், சால்வை, சாமி படம் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, "வரட்டும், என்னையும் சேர்த்துத் தூக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். ஊழியர் சங்கம் வாசலில் கூடி 'கை வைக்காதே, கை வைக்காதே, மேசைமேல் கை வைக்காதே' என்று முழங்கியது. வேலை நேரத்தில் மேசைமேல் கைவைத்துத் தலைசாய்ப்பதுதான் அவர்கள் வழக்கம் என்பதால், கேட்டவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம்.

தளவாடப் பிரிவுத் தலைவர் மாடிப்படிக்கு அடியில் குனிந்து வந்து நின்றார். வாரியத்தின் மேசை, நாற்காலி, பீரோ எல்லாவற்றுக்கும் அவர்தான் தாய் தகப்பன். எந்தச் சாமானைப் பார்த்தாலும் வெள்ளைப் பெயின்ட்டால் அதில் சொத்து எண் எழுதிவிடுவார்.

"யாரைக் கேட்டு டேபிளை எடுக்கறே?"

"சார், இது அந்த டேபிள் இல்ல சார். வலைப்பக்கத்துக்குள்ள இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது."

தளவாடத்தாரின் முகம் வெளுத்தது. "கண்ணுக்குத் தெரியாத டேபிளா? வாரியத்துல? என் கணக்குல வராமலா? எத்தனை இருக்கு?"

"எண்ணிப் பார்க்கலை சார். ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கு."

"அடுக்கி வேற வெச்சிருக்கியா!"

அவன் எவ்வளவோ விளக்கினான். விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் வலுத்தது. "தம்பி, இத்தனை வருஷத்துல நான் ஒரு டேபிள்ல உட்கார்ந்து வேலை பாத்தேனா, இல்லையான்னு யாரும் கேட்டது கிடையாது. ஆனா ஒரு டேபிள் குறைஞ்சுதுன்னா கேப்பாங்க. அதுதான் நிர்வாகம்" என்றார். முறைப்படி கழித்துக்கட்டிய பிறகுதான் எடுக்கலாம் என்று சொல்லி, அவரே ஒரு சான்றிதழும் எழுதினார்: 'மேற்படி டேபிள்களைப் பரிசோதித்ததில் கால்கள் இல்லை. இழுப்பறைகள் இல்லை. மேல்பலகையும் இல்லை. ஆகவே உபயோகத்துக்கு லாயக்கற்றவை.'

கழித்த சாமானை ஏலம் விட வேண்டும். ஏலத்துக்கு ஒரே ஒரு பழைய சாமான் வியாபாரி வந்தார். டேபிள்களைக் காட்டச் சொன்னார். பக்கம் திரையைக் காட்டினான். வியாபாரி குனிந்து திரையைப் பார்த்தார், திரைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"இதை எப்படிங்க எடுத்துட்டுப் போறது?"

"வண்டிச் செலவு உங்களோடது" என்றார் தளவாடத்தார் கறாராக.

வியாபாரி இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஏலம் கேட்க ஆளில்லை என்று எழுதி, டேபிள்களை எடுக்க ஒருவழியாக அனுமதி கிடைத்தது. இதற்குள் அழகு நிலையத்துக்கு முன்னால் தேங்கிய தண்ணீரில் தவளைகள் குடியேறியிருந்தன. மனைவி வாசலில் இரண்டு பலகைகளைப் போட்டு, வாடிக்கையாளர்களைக் கை பிடித்து உள்ளே கொண்டுவந்துகொண்டிருந்தாள். அலசுவதற்கு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு உங்க டேபிள்?"

"கழிச்சுக் கட்டியாச்சு. இனிமே பொசிஷன்தான் பாக்கி."

"உங்களுக்கா? பொசிஷனா?" என்று அவள் கண் விரிந்தது.

வாரியத்திலும் எல்லாருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்படியேதான் கண் விரிந்தது. சி.எஸ்.எஸ். என்றால் யாருக்கும் தெரியாது. பொசிஷன் என்றால் தெரியாதவர் கிடையாது. யாருக்கு எந்தப் பொசிஷன் என்று முடிவு செய்ய இயக்குநர் தலைமையில் கூட்டம் போட்டார்கள். வழக்கமாக எந்தக் கூட்டத்துக்கும் வராதவர்களும் வந்தார்கள். விடுப்பில் இருந்த ஒருவர் கையில் கட்டோடு வந்தார்.

பக்கம் எழுந்து நின்றான். தலையில் எதுவும் இடிக்காதது அவனுக்கே புதுசாக இருந்தது.

"சார், பொசிஷன்ல சில வகை இருக்கு. ஃபிக்ஸட்னு போட்டா, பக்கத்தை எவ்வளவு தள்ளினாலும் அது நகராம அங்கேயே நிக்கும்..."

"அது எனக்கு" என்றார் இயக்குநர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. எனக்காகக் கேக்கலை. இந்த வாரியத்துல எத்தனையோ வெள்ளம் வந்துச்சு, வறட்சி வந்துச்சு, விசாரணைக் கமிஷன் வந்துச்சு. நான் அசைஞ்சேனா? ஒரு அடி அசைஞ்சேனா? மக்கள் என்னை என்ன தள்ளு தள்ளினாலும் நான் நகர மாட்டேங்கறதுக்கு இது ஒரு அடையாளம்."

கைதட்டினார்கள்.

"அப்சொல்யூட்னு ஒண்ணு இருக்கு சார். நாம சொல்ற இடத்துல, சொல்ற மாதிரி நிக்கும். மத்ததைப் பத்திக் கவலைப்படாது. மத்ததுக்காக ஒதுங்காது, இடமும் விடாது."

பிரிவுத் தலைவர்கள் எல்லாரும் ஒருமித்த குரலில் அதையே கேட்டார்கள். இத்தனை நாளும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம், இப்போது அதற்கு ஓர் அங்கீகாரம் கிடைத்தால் நல்லது என்று வரி வசூல் பிரிவுத் தலைவர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

"கடைசியா, ரிலேட்டிவ்."

எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். காரணம், துணை இயக்குநர் இயக்குநரின் சகலை.

துணை இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "இது யாரை வெச்சுச் சொல்றே?"

"சார், அது... பக்கத்துல இருக்கிறதைப் பொறுத்து நிக்கிறதுன்னு அர்த்தம் சார்."

"அதேதான் ஊரும் பேசுது! நான் என் தகுதியால வந்தவன். என்னை இன்டர்வியூ பண்ணினவர்கிட்டயே கேளுங்க. அண்ணே, சொல்லுங்கண்ணே!"

"ஆமாம்ப்பா" என்றார் இயக்குநர். "அன்னைக்கு எங்க வீட்டு மாடியில எத்தனை கேள்வி கேட்டேன்! எல்லாத்துக்கும் பதில் சொன்னார். காபி ஆறிப்போயிடுச்சு."

ரிலேட்டிவ் என்ற பொசிஷன் வாரியத்தில் ரத்து செய்யப்படுவதாக விதி பதிவு செய்துகொண்டார். துணை இயக்குநருக்கும் அப்சொல்யூட்.

அடுத்தது எந்த இடம் என்ற கேள்வி. மேல் வரிசையில் இடது மூலைதான் கௌரவம், படிக்கிறவன் கண் அங்கேதான் முதலில் விழும் என்று இயக்குநருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் அதைக் கேட்டார். உடனே துணை இயக்குநரும் அதையே கேட்டார். பிறகு எல்லாரும் கேட்டார்கள். யாரையும் புண்படுத்தாமல் எல்லாருக்கும் அதே மூலையை, ஒரே பாஸ்போர்ட் அளவில், கொடுக்க ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

"சார், எல்லாரும் ஒரே இடத்துல இருந்தா ஒருத்தர் மேல ஒருத்தர் வந்துடுவாங்க" என்றான் பக்கம்.

"ஒத்துமைதானே?" என்றார் இயக்குநர்.

"யார் மேல, யார் கீழேன்னு ஒரு அடுக்கு எண் போடணும் சார். எண் பெரிசா இருக்கிறவங்க மேல வருவாங்க."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவன் பின்னால் பலமுறை நினைத்தான். இயக்குநருக்கு நூறு என்று ஆரம்பித்தது. துணை இயக்குநருக்குத் தொண்ணூற்றொன்பது. சாயங்காலம் அவர் மாடிப்படிக்குக் கீழே வந்து, தன் எண்ணை நூற்றொன்று ஆக்கும்படியும், அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்றும் அன்பாகக் கேட்டுக்கொண்டார். அவர் போன பிறகு இயக்குநரின் உதவியாளர் வந்தார், இயக்குநருக்கு ஆயிரம். கணக்குப் பிரிவு தன் மூப்பைக் காட்டி ஆயிரத்தொன்று கேட்டது. இப்படி ஏறி ஏறி, கடைசியில் இயக்குநருக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்றும், அதற்கு மேல் எண்ணே கிடையாது என்றும் விதி சுற்றறிக்கை விட்டார். கணிதத்துக்கு வாரியம் வரம்பு கட்டியது அதுதான் முதல் தடவை.

இந்தப் போட்டியில் கலந்துகொள்ளாதவர் தளவாடத்தார் ஒருவர்தான். அவர் போட்டோவைக் கொடுக்க வந்தபோது, "உங்க எண் என்ன சார்?" என்று பக்கம் கேட்டான்.

"இது என்ன கேள்வி? எந்தச் சாமான் உள்ள வந்தாலும் சொத்து எண் இல்லாம வரலாமா?" என்று சொல்லி, போட்டோவின் பின்னாலேயே எழுதிக்கொடுத்தார். ஏழு இலக்கம்.

பக்கத்துக்குச் சுற்றறிக்கை நினைவில் இருந்தது. ஆனால் தளவாடத்தாரோடு எண்களைப் பற்றிப் பேசும் தெம்பு அவனிடம் மிச்சமில்லை. அப்படியே போட்டான்.

உத்தரவில் இருந்ததை ஒன்றுவிடாமல் எழுதி முடித்துப் பக்கத்தைத் திறந்து பார்த்தவன், தலையில் படி இடித்ததைக்கூடக் கவனிக்காமல் எழுந்து விதியிடம் ஓடினான்.

"சார், எல்லாரும் ஒரே மூலையில ஒரே குவியலாக் கிடக்கறாங்க சார்!"

"உத்தரவு அப்படித்தானே?" என்றார் விதி.

"ஆமா சார், ஆனா பாக்கறதுக்கு..."

"பார்க்கணும்னு உத்தரவுல இருக்கா?"

திறப்பு விழாவுக்கு வாரியத்தின் தலைவர் வந்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வருகிறவர் என்பதால் யார் இயக்குநர், யார் துணை இயக்குநர் என்று அவருக்கு நிச்சயமில்லை. எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார். இயக்குநர் பேசினார். "பழைய பக்கத்துல நாங்கள்லாம் கட்டத்துக்குள்ள அடைபட்டுக் கிடந்தோம். இன்னைக்கு விடுதலை. டேபிளே இல்லாம ஒரு வாரியம் இயங்க முடியும்னு நிரூபிச்சிருக்கோம். வேலையே இல்லாமலும் இயங்க முடியும்னு ஏற்கெனவே நிரூபிச்சிருக்கோம்னு எதிரிகள் சொல்லலாம். சொல்லட்டும்!"

தலைவர் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினார். பெரிய திரையில் பக்கம் விரிந்தது.

இடது மூலையில் ஒரே ஒரு போட்டோ. தளவாடத்தார். பாஸ்போர்ட் அளவில், கொஞ்சம் திடுக்கிட்ட முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடியில் மொத்த நிர்வாகமும் பத்திரமாக இருந்தது. மற்றபடி திரை முழுக்க, சுவருக்குச் சுவர், ஒன்றே ஒன்று: 'குழாய் உடைப்புப் புகார்'. அதற்கு என்ன பொசிஷன் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. யாருமே பிடித்து நிறுத்தாததால், மற்றவர்கள் காலிசெய்த இடம் முழுவதிலும் அது பரவி உட்கார்ந்துவிட்டது.

பக்கம் கண்ணை மூடிக்கொண்டான். வேலை போனால் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று முதல் வாக்கியத்தை மனதுக்குள் அமைக்கத் தொடங்கினான்.

"ரொம்ப நல்லா இருக்கே!" என்றார் தலைவர். "கண்ணாடி போடாமலே படிக்க முடியுது." நேராகத் தளவாடத்தாரிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் இயக்குநர் சார்!"

தளவாடத்தார், பழக்கதோஷத்தில், தலைவரின் கோட்டில் சொத்து எண் இருக்கிறதா என்று தேடினார்.

தலைவரே சொல்லிவிட்ட பிறகு யார் என்ன பேச முடியும்? அன்று சாயங்காலமே புகார்கள் வர ஆரம்பித்தன. மறுநாள் அலையாக வந்தன. அதில் ஒன்று அழகு நிலையத்திலிருந்து, கொஞ்சம் கடுமையான மொழியில்.

இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார். "நேத்து வரைக்கும் நம்ம ஊர்ல ஒரு குழாய் உடைஞ்சது கிடையாது. இந்தப் பக்கம் வந்த பிறகுதான் எல்லாம் உடையுது!" என்று மேசையைக் குத்தினார். பக்கத்தைப் பழையபடி மாற்ற வேண்டும் என்றார்.

விதி கண்ணாடியைத் துடைத்தார். "முடியாது சார். ஒரு பொசிஷன்ல நியமிச்சவரை மூணு வருஷத்துக்கு மாத்தக் கூடாதுன்னு விதி இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

வேறு வழியில்லாமல் வாரியம் குழாய்களைச் சரிசெய்யத் தொடங்கியது. இது பலருக்குப் புதிய அனுபவம். கிடங்கில் மண்வெட்டி இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. அதில் சொத்து எண்ணும் இருந்தது.

அந்த வாரத்துப் பத்திரிகையில் 'அதிகாரிகள் ஒதுங்கினார்கள், மக்களுக்கு இடம் கிடைத்தது' என்று ஒரு கட்டுரை வந்தது. அன்றிலிருந்து இயக்குநர் குரலை மாற்றிக்கொண்டார். "மக்கள் முன்னாடி நிக்கட்டும், நான் கண்ணுக்குத் தெரியாம அடியில இருந்து தாங்கறேன்னு முதல் நாளே பக்கத்துகிட்ட சொன்னேன். கேட்டுப் பாருங்க" என்று பேட்டி கொடுத்தார். கேட்டார்கள். பக்கம், "ஆமாங்க" என்றான். அடுத்த நாள் அவன் நியமன உத்தரவிலிருந்து 'தற்காலிக' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். மாடிப்படியை மட்டும் எடுக்கவில்லை.

சரிசெய்யப்பட்ட தெருவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தளவாடத்தார் அழகு நிலையத்து வாசலில் தயங்கித் தயங்கி வந்து நின்றார். ஊர் முழுக்க அவரை இயக்குநர் என்று நினைத்துக்கொண்டு வணக்கம் வைத்தது. போகிற இடமெல்லாம் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"தம்பி, அந்தப் போட்டோவுல நரை ரொம்பத் தெரியுதாம். சம்பந்தி வீட்டுல சொல்றாங்க. வேற போட்டோ எடுக்கலாம்னு..."

"இங்க பொம்பளைங்களுக்கு மட்டும்தான் சார்" என்று பக்கம் இழுத்தான்.

"பரவால்ல, வாங்கண்ணே. நம்ம தெருவுக்கே தெரிஞ்ச முகமாச்சே" என்று மனைவி அவரை உள்ளே உட்காரவைத்தாள். சாயம் பூசினாள். ஊறவிட்டாள். பிறகு நாற்காலியைப் பின்னால் சாய்த்து, அவர் தலையைத் தொட்டிக்குள் வைத்துக் குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் கொட்டியது. தளவாடத்தார் பதறிப்போய்த் தலையைத் தூக்கினார். காதோரம் கறுப்பு நீர் ஒழுக, கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தார்.

"ஏம்மா, லாரித் தண்ணியா இது?"

"இல்லண்ணே. உங்க வாரியத்துத் தண்ணிதான்."

அவர் கையை நீட்டிக் குழாய்க்கு அடியில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷம் அந்த வாரியத்தில் வேலை பார்த்த மனிதரின் முகம் குழந்தையின் முகம்போல மலர்ந்தது.

"அட," என்றார், "வருதே!"